பால் வற்றும் மாதங்கள்

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் காவடி பார்த்துவிட்டுத் தோட்டம் திரும்பும் சமயத்தில்தான் பால்மரங்களில் நிறம் மாறத் தொடங்கும். மேட்டுக்காட்டில் முதலில் மஞ்சள் தட்டும். பிறகு செம்பு நிறம், அப்புறம் காய்ந்த பழுப்பு. மாசி பிறக்கும்போது இலை கொட்ட ஆரம்பித்துவிடும். விடிகாலை இருட்டில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களின் காலடியில் சருகு நொறுங்கும் சத்தம், லயத்து வீட்டுக்குள் படுத்திருக்கும் எங்களுக்குக் கேட்கும். வருடம் முழுதும் ஒரே பச்சையாகக் கிடக்கும் பேராக்கில் பருவம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர்க் காட்டுக்குத்தான் வர வேண்டும். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்தேன். எங்கள் இளவேனில் மொட்டைக் கிளைகளின் நுனியில் செம்பழுப்புத் தளிராக வரும். மூன்று மூன்றாக விரியும் அந்த இலைகளின் காம்பு சேருமிடத்தில் சின்னச் சுரப்பிகள் உண்டு. தளிர்ப் பருவத்தில் அவற்றில் தேன் ஊறும். பூ வருவதற்கு முன்பே தேனீக்கள் வந்துவிடும். காடே ரீங்காரம் போடும்.

பார்க்க அழகான அந்த மாதங்கள் வீட்டுக்குக் கஷ்ட மாதங்கள். மரம் தன் சேமிப்பையெல்லாம் புது இலைக்குச் செலவழிக்கும்போது பட்டையைச் சீவினால் பால் நூலாகத்தான் இறங்கும். பால் பிடிக்கும் மங்கில் பாதிகூட நிறையாது. சில காடுகளில் மரத்துக்கு ஓய்வு கொடுக்க வெட்டையே நிறுத்திவிடுவார்கள். பால் எடைக்கும் கித்தா விலைக்கும் தகுந்தபடி ஏறி இறங்கும் கூலி, அந்த இரண்டு மூன்று மாதங்களில் ஒரேயடியாகச் சரியும். தோட்டத்துக் கடைக்காரரின் புத்தகத்தில் எங்கள் கணக்கு நீளும். அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்து, உளியைத் தீட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அம்மா உட்கார மாட்டார். பால் குறைந்தால் கையில் நேரம் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. லயத்து வீட்டுக்குப் பின்னால், பொதுக் குழாய்க்கும் ஓடைக்கும் நடுவில், எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தது. அதைத் திருத்துவது, கொத்துவது, விதைப்பது, பந்தல் போடுவது எல்லாமே இலையுதிர்வில் தொடங்கிப் பங்குனி இடிமழைக்குள் முடிந்தாக வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கில் தை, மாசியில் வானம் கொஞ்சம் வறண்டிருக்கும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் தவறாமல் இடி இறங்கும். வறண்ட நாளில் மண்ணைப் புரட்டி வெயில் காட்டி, மழைக்குமுன் விதையை உள்ளே இறக்கிவிட வேண்டும். கீரை மூன்று வாரத்தில் கைக்கு வரும். வெண்டையும் பாகலும் ஒன்றரை, இரண்டு மாதத்தில் காய்க்கும். கடன் உச்சத்துக்கு ஏறும்போது கொல்லையில் குழம்புக்குக் காய் இருக்கும். எங்கள் வீட்டின் நிதித் திட்டம் முழுவதும் அதுதான்.

முதல் வேலை சருகு அள்ளுவது. புதிதாக விழுந்த சருகை அம்மா தொட மாட்டார். காட்டு வடிகால்களில், போன வருடம் விழுந்து மட்கிக் கறுத்த இலைமண் அடியில் தங்கியிருக்கும். அதைத்தான் கோணிச் சாக்கில் வாரி வருவோம். கையில் எடுத்துப் பிசைந்தால் ஈரமும் இளஞ்சூடும் தெரியும். ஒரு மணம் வரும், மழை மணமும் பழைய மர மணமும் கலந்தது. தோட்டத்து மண் செம்மண், காய்ந்தால் இறுகிப்போகும். அதில் இந்த இலைமண்ணையும், மாடு வைத்திருந்தவர்கள் வீட்டுச் சாணியையும், அடுப்புச் சாம்பலையும் கலந்து கலந்து, நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் எங்கள் கொல்லை மண்ணில் விரலைச் செருகினால் கணு வரைக்கும் இறங்கும் பதத்துக்கு அம்மா கொண்டுவந்திருந்தார்.

விதை எல்லாம் வீட்டிலேயே இருந்தது. கத்தரி விதையைச் சாணியில் குழைத்து அடுப்படிச் சுவரில் வறட்டி தட்டுவதுபோல் அப்பியிருப்பார். சுரைக்காய் ஒன்று புகையேறி உத்திரத்தில் தொங்கும். அவரையும் பாகலும் சாம்பல் கலந்து மைலோ டின்னில். முளைக் கீரை விதையை மணலோடு சேர்த்துத் தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாமல் பரவும். தூவிய கையோடு பாத்தியைச் சுற்றி ஒரு பிடி அரிசிக் குருணையைப் போடுவார். எறும்பு அதை இழுத்துக்கொண்டு போகட்டும், விதையை விட்டுவிடட்டும் என்று. மிளகாய் நாற்றுக்கு உடைந்த பால் மங்குகள். விளிம்பு சிதறிய மங்கைத் தோட்டம் கழித்துவிடும். அடியிலும் விரிசல் கண்டதாகப் பார்த்து எடுத்தால் தண்ணீர் தானாக வடியும், வேர் அழுகாது. வாசல் திண்ணை ஓரம் வரிசையாக அந்த மங்குகளில் மிளகாய் நாற்று நிற்கும்.

இதில் எதுவும் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏறாத வேலை. தோட்டக் கிராணி எழுதிய பேரேடுகளில் அம்மா பால் வெட்டுக்காரி, பிறகு வெளிக்காட்டு ஆள். கொல்லையில் அவர் செய்ததற்கு நாள் கணக்கும் கிடையாது, கூலிக் கணக்கும் கிடையாது. ஆனால் எந்த விதை எந்த மழைக்கு, எந்தச் செடிக்குப் பக்கத்தில் எது, எந்த இலையில் எந்தப் பூச்சி என்று அவருக்குத் தெரிந்திருந்தது, தோட்டத்து வரலாறு எழுதியவர்கள் யாரும் ஒரு பக்கம்கூட ஒதுக்காத பெரிய அறிவு. மலேசியத் தோட்டப்புறத்தைப் பற்றி எழுதும்போது நாம் கூலியை எழுதுகிறோம், கங்காணியை எழுதுகிறோம், கள்ளுக்கடையை எழுதுகிறோம். லயத்துப் பின்புறத்தில் நடந்த இந்த விவசாயத்தை எழுதாமல் விட்டால் அந்தப் பெண்களைப் பாதியாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம்.

மரவள்ளி எங்கள் கொல்லையில் அப்பாயியின் ஆட்சி. மற்ற எதையும் அம்மாவின் இஷ்டத்துக்கு விட்டாலும், வேலியோரம் இரண்டு வரிசை மரவள்ளிக் குச்சி ஊன்றியே ஆக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போனபோது அவருக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. அரிசிக் கப்பல் நின்றுபோனது. கித்தா வாங்க ஆள் இல்லை. ஆண்களில் பலரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றரை வருடம் மரவள்ளிதான் சோறு, மரவள்ளி இலைதான் கீரை. "கிழங்கு இருந்துச்சு, உங்கப்பன் இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் குச்சியைக் கணு பார்த்து வெட்டத் தொடங்கிவிடுவார். முற்றிய தண்டில், ஒரு சாண் நீளம், கணு மேல் நோக்கி. தலைகீழாக ஊன்றியவனை அவர் மனிதனாகவே மதித்ததில்லை.

யுத்தம் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948 ஜூன் 16. அன்று எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அங்கிருந்துதான் பிறந்தது. காட்டோரம் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். உணவுப் பொருள் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களிடம் போய்விடாமல் இருக்க வாசலில் சோதனை. ஓடைக்கு அந்தப் பக்கம் அப்பாயி வைத்திருந்த கிழங்குக் கொல்லை கைவிட்டுப் போனது. வேலிக்கு உட்பட்ட மண்ணில் மட்டும் நடலாம். அவர் கதை சொல்லும்போது துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. முதிர்ந்து நின்ற கிழங்கைப் பிடுங்க முடியாமல் போன ஆத்திரத்தைத்தான் வருடா வருடம் புதிதாகச் சொல்வார்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கோலகங்சாருக்குப் போய் அங்கிருக்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகள் ஏறத்தாழ 70,000. முளைத்தவை சில ஆயிரமே. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 பேராக்குக்கு வந்து, கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. லோ செடிகொடிகளில் பெரும் ஈடுபாடு உள்ளவர். போர்னியோக் காடுகளில் அலைந்து தாவரங்கள் சேகரித்தவர். எங்கள் தாத்தாக்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த அந்த மரம், இந்த மாநிலத்தில் முதலில் ஒரு வீட்டுத் தோட்டத்துச் செடியாகத்தான் வேர் பிடித்திருக்கிறது. ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் ஆர்வத்துக்காக நட்டது பிறகு மலை மலையாகப் பரவியது. அந்த மரத்தடியில் வாழ வந்த என் அம்மாவுக்கோ, தன் வீட்டுப் பின்னால் ஒரு பலாக் கன்று வைக்கவும் மனம் வரவில்லை. ஏன்?

ஏனென்றால் வீடு எங்களுடையதல்ல. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலை போனால் வீடும் போகும். எங்கள் லயத்தில் டுரியான், மங்குஸ்தீன் என்று பல வருடம் காத்திருந்து பலன் காணும் மரத்தை யாரும் நட்டதில்லை. வாழை, பப்பாளி, மரவள்ளி, கொடிக்காய், கீரை. ஒரு வருடத்துக்குள் கைக்கு வருவது எதுவோ அதுதான் பயிர். முருங்கை மட்டும் விதிவிலக்கு. அதை வெட்டி எடுத்துக்கொண்டே போகலாம், போகிற இடத்தில் மறுபடி ஊன்றலாம். தோட்டத் தொழிலாளிக்குப் பயிர்செய்ய நிலம் ஒதுக்க வேண்டும் என்பது காலனியக் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட நிலத்தில் கத்தரி வைக்கலாமே தவிர வேரூன்ற முடியாது. 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது இது நெருப்பாகச் சுட்டது. எங்கள் சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்க்கச் சொன்னார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்கியது. அப்பாவும் பங்கு வாங்கினார். இலையுதிர் மாதத்தில் பத்து வெள்ளியை எடுத்து வைக்க அம்மா கீரைக்கட்டு விற்றிருக்கிறார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அம்மா பால் வெட்டிலிருந்து மருந்தடிக்கும் வேலைக்கு மாறினார். லாலாங் புல்லுக்கும் களைக்கும் மருந்தடிப்பது அனேகமாகப் பெண்கள் வேலையாகவே இருந்தது. முதுகில் மருந்துத் தொட்டி, ஒரு கையில் பம்புப் பிடி, மறு கையில் குழாய். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. முந்தைய தலைமுறையில் சோடியம் ஆர்சனைட் அடித்திருக்கிறார்கள். அந்தப் புல்லை மேய்ந்து மாடு செத்த கதைகளை லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். அம்மா காலத்தில் பாராகுவாட். சில மாதங்களில் அவர் கை நகங்கள் நிறம் மாறி, வெடித்து, கழன்று விழுந்தன. சில ராத்திரிகளில் மூக்கிலிருந்து ரத்தம் வரும். மறுநாள் காலையில் பெரட்டுக்கு நிற்பார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போக மாட்டார். பொதுக் குழாயில் தலையோடு குளித்து, சேலை மாற்றி, கையைப் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் பாத்திக்குள் கால் வைப்பார். அக்கம்பக்கத்தில் சிலர் மிஞ்சிய மருந்தைப் போத்தலில் கொண்டுவந்து வீட்டைச் சுற்றியுள்ள புல்லுக்குத் தெளித்தார்கள். வேலை சுலபம், நாலு நாளில் எல்லாம் கருகிவிடும். எதிர்லயத்துப் பெரியம்மா ஒருமுறை அரைப் போத்தல் கொண்டுவந்து நீட்டினார். "வேணாங்கா. காட்டுல அடிக்கிறது துரை மண்ணு. இது எம்புள்ளைங்க திங்கிற மண்ணு" என்று அம்மா சொன்னார். எங்கள் கொல்லையில் களை எடுப்பது கையால்தான். குந்தி உட்கார்ந்து, நகமில்லாத விரல்களால், லாலாங்கின் வெள்ளை வேரை ஒரு கணுகூட அறுபடாமல் இழுப்பார். ஒரு கணு மண்ணில் தங்கினாலும் அது மறுபடி முளைக்கும். வேலை முடிந்தால் அந்த வேர்களைச் சிமெண்டுத் தரையில் பரப்பிச் சுண்டக் காயவைத்துவிட்டுத்தான் எரிப்பார். நத்தைக்குச் சாம்பல் வளையம், இலைப்புழுவுக்கு விடியலில் கைவிளக்கோடு ஒரு சுற்று. மலேசியாவில் பாராகுவாட் 2020இல் முழுதாகத் தடைசெய்யப்பட்டது. செய்தியை நான் வாசித்துச் சொன்னபோது அம்மா படுக்கையில் இருந்தார். "இப்பதான் தெரிஞ்சுதா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எண்பதுகளின் கடைசியில் பால்மரங்களை வேரோடு சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். லயம் காலியாக வேண்டும் என்று கடிதம் வந்தது. எங்களைப்போல ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வந்தது. ஈப்போவில், புந்தோங்கிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தாமான் குடியிருப்பில் மலிவு விலை வீடு ஒன்றை அண்ணன் தவணைக்கு எடுத்தார். லாரியில் இடம் போதாது என்றபோது, பழைய மர அலமாரியை விட்டுவிட்டு நாலு மூட்டை இலைமண்ணை ஏற்றச் சொன்னார் அம்மா. முருங்கைப் போத்துகளைச் சாக்கில் சுற்றி, வெட்டுவாயில் சாணி அப்பி, மேலே கட்டினோம். மைலோ டின்கள் அவர் மடியில்.

அந்த மூட்டைகளின் அருமை புது வீட்டில்தான் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்தது மண்ணே இல்லை, வெறும் மணல். கிந்தாப் பள்ளத்தாக்கை ஒரு நூற்றாண்டு தோண்டி, கழுவி, ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொட்டியிருந்தார்கள். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் ஈயச் சுரங்கங்களான லம்பங்கள் மூடின. குளங்கள் தேங்கி நின்றன. மணல்மேடுகளில் தாமான்கள் எழுந்தன. அந்த மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். பகலில் கால் வைக்க முடியாத சூடு. அம்மா பயப்படவில்லை. முதல் வருடம் அவர் எதையும் நடவில்லை, மண் செய்தார். முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து அடியில் அட்டைப்பெட்டி, வாழைமட்டை, சமையல் கழிவு, அதன்மேல் சாணி, அதன்மேல் பாகான் சிராய் வயல்பக்கத்திலிருந்து மாமா கொண்டுவந்த உமியைக் கரியாக்கிக் கலந்து, கடைசியாக மேலே ஒரு விரல்கடை தோட்டத்து இலைமண். முன்பு காய்கறித் தோட்டம் வைத்திருந்த எதிர்வீட்டுச் சீனத் தாத்தா, மீன் கழிவை ஆழமாகப் புதைக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் பண்டான் வேரும் உலாம் ராஜா விதையும் கொடுத்தார். கறிவேப்பிலையும் முருங்கைக் கீரையும் வாங்கிப் போனார். அம்மாவின் மலாய் சந்தை மலாய், சீனத் தாத்தாவின் மலாய் அதைவிடக் குறைவு. உரத்தைப் பற்றிப் பேச அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது வருடம், அந்த மணல்மேட்டில் புடலங்காய் தொங்கியது. நுனியில் கல் கட்டி நேராக இழுத்துவிட்ட காய்கள்.

அதே வருடம்தான் அவர் முதன்முதலாக ஒரு நெடுநாள் மரம் நட்டார். தம்பூன் பக்கத்திலிருந்து வாங்கிவந்த பம்பளிமாஸ் பதியன். சுண்ணாம்பு மலையடிவாரத்து மண்ணில் வளர்ந்து பேர்பெற்ற பழம் அது. சீனப் புத்தாண்டுச் சமயத்தில் தம்பூன் சாலையோரம் வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் மணலில் வருமா என்று அண்ணன் கேட்டார். "வரும்போது வரட்டும். எங்க போகப்போறோம்?" என்றார் அம்மா. எனக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. அவர் அப்படிப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. காய்க்க ஐந்தாறு வருடம் ஆனது. முதல் காய் தோல் தடித்து, சுளை சிறுத்துக் கொஞ்சம் கசந்தது. அதைத் தெரு முழுக்கப் பங்கு வைத்தார்.

இப்போது அந்தக் கொல்லை என் பொறுப்பு. எங்கள் தெருவில் பாதி வீடுகள் முன்னும் பின்னும் சிமெண்டு போட்டு மூடிவிட்டன. காருக்கு இடம் வேண்டும், பாம்பு வரும், பெருக்கச் சுலபம் என்று காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றையும் நான் ஏற்பதில்லை. ஒரு தலைமுறை நகத்தைக் கொடுத்துக் காப்பாற்றிய பழக்கத்தை ஒரு லோடு கான்கிரீட்டில் புதைப்பது எனக்குத் தாங்க முடியாத காரியம். கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்: முழுவதும் மூடாதீர்கள், கதவோரம் இரண்டு முழமாவது விடுங்கள், விதை நான் தருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் மறுநாள் டப்பாவோடு வருகிறார்கள்.

பால்மரம் இங்கே கண்ணில் படுவதில்லை. ஆனாலும் மாசி வந்தால் கை தானாக மண்வெட்டியைத் தேடுகிறது. இந்த வருடமும் பாகலுக்குப் பந்தல் போட்டாயிற்று, கீரை தூவியாயிற்று, மிளகாய் நாற்று நெகிழிக் கோப்பைகளில் நிற்கிறது. இனி முருங்கையைத் தறிக்க வேண்டும். பங்குனிக் காற்றுக்கு முருங்கைக் கிளை தாங்காது, முறிந்து கம்பியில் விழும்; இடிமழைக்கு முன்பே வெட்டிவிடுவதுதான் முறை. கைப்பருமன் உள்ள, முற்றிய கிளையாகப் பார்த்து ஆள் உயரத்துக்கு நறுக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் சாய்த்து வைத்து வெட்டுவாய் காய்ந்த பிறகு நட வேண்டும். முழங்கை ஆழம் போதும். மேல் நுனியில் சாணி இல்லையென்றால் களிமண் அப்பலாம். முதல் இரண்டு வாரம் தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள், அதிகமானால் அடி அழுகும். துளிர் வந்ததும் ஆடு, கோழி எட்டாமல் ஒரு வலை. எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கும், புந்தோங்கில் என்னிடம் படித்த பெண் ஒருத்திக்கும், மக்சிக்கின் மருமகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மிஞ்சும் போத்துகளை வேலிக்கு வெளியே வாளித் தண்ணீரில் போடாமல் சாய்த்து வைப்பேன்; வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.